படகுக்கு வெளியே நின்றவர்கள்

அன்பு நிறைந்த தங்கைக்கு,

உன் மூத்தவள் வரைவது. இங்கே நலம். நீயும் உன் கணவரும் நம் குழந்தையும் அங்கே நலமாக இருக்க விழைகிறேன். உன் மடல் கிடைத்தது. மழை இரைந்தாலே குழந்தை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைக் கடந்து அடுத்த வரிக்குச் செல்ல எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அடுத்த வரியோ, இங்குள்ள உங்கள் வீட்டை விற்க ஆள் பார்க்கச் சொல்கிறது.

பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. முதலில் இங்கு நடந்ததைக் கேள். அதன்பின் உன் விருப்பம்.

சென்ற மழையில் வெள்ளம் புகுந்த உங்கள் வீட்டைத் தூய்மை செய்துவிட்டேன். சேறு போயிற்று, சுவரில் நீர் நின்ற கறை மட்டும் போக மறுக்கிறது. உன் தையற்பொறிக்கு எண்ணெய் விட்டேன். ஓடுகிறது. கொஞ்சம் முனகிக்கொண்டுதான் ஓடுகிறது, உன் கணவரைப் போல.

சென்ற திங்களில் தெருக்கூட்டம் நடந்தது. அடுத்த மழைக்குமுன் என்ன செய்வது என்பதே பொருள். என்னைப் பேச அழைத்தார்கள். ஒலிவாங்கி கைக்கு வந்துவிட்டால் உன் அக்காவுக்குப் பசி தெரியாது என்பதை நீ அறிவாய். ஊழிவெள்ளத்தைப் பற்றிப் பேசினேன். உள்ளங்கையில் அடங்கிய சிறுமீனை ஒருவன் காத்தான். அம்மீனே வளர்ந்து அவன் படகை மலைமுகட்டுக்கு இழுத்துச் சென்றது என்றனர் ஒரு நாட்டு மக்கள். மாந்தரின் கூச்சல் பொறாமல் தேவர்கள் வெள்ளத்தை ஏவினர் என்றனர் வேறொரு நாட்டு மக்கள். பிழைத்த கணவனும் மனைவியும் தோளுக்குப் பின்னே எறிந்த கற்களெல்லாம் மனிதராய் எழுந்தன என்றனர் இன்னொரு நாட்டு மக்கள். எல்லா உயிரும் சோடி சோடியாக ஏறிய பெரும்படகின் கதவைக் கடவுளே அடைத்தார் என்றனர் மற்றொரு நாட்டு மக்கள். கடல் கொண்ட நிலத்தை நம் முன்னோரும் மறக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் காணாத மக்கள், ஒரே அச்சத்தைக் கதையாக்கினார்கள். நீர் வடியும் என்னும் ஒரே நம்பிக்கையையும் அதற்குள் வைத்தார்கள்.

இதுவரை நன்று. பிறகு என் நாக்கு வாளாயிற்று. படகுக்குள் இருந்தவர்களைப் போற்றிய கதைகள், வெளியே நின்று கதவைத் தட்டியவர்களைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். அந்தப் பெரும்படகின் கதவை அடைத்தது கடவுள் என்கிறார்களே, நம் தெருவில் அடைத்தது யார் என்றும் கேட்டுவிட்டு, முதல் வரிசையில் இருந்த மாடிவீட்டுக்காரரை நோக்கினேன். கைதட்டல் கூரையைத் தொட்டது. நீ குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் மாடிப்படியின் இரும்புக்கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்து, தெருவில் நின்ற சரக்குந்தின் மேல் ஏறி உயிர் பிழைத்ததை அறியாதவர் அக்கூட்டத்தில் எவருமில்லை.

அவர் எழுந்து வெளியேறுவார் என்று எண்ணினேன். எழுந்தார், வெளியேறவில்லை. "தட்டுனது கேட்டுச்சு. கொழந்த அழுததும் கேட்டுச்சு. எல்லாரும் ஏறுனா மாடி இடிஞ்சிடும்னு பயந்துட்டேன். சாவி கையிலதான் இருந்துச்சு" என்றார். பின்னர், அந்த வீட்டைக் கட்டிய கொத்தனார் பக்கம் திரும்பி, எத்தனை பேரைத் தாங்கும் என்று கேட்டார். "தெருவே ஏறி நின்னு ஆடுனாலும் அசையாதுங்க. அன்னைக்கே என்னைக் கேட்டிருக்கலாமே" என்றார் கொத்தனார்.

மறுநாள் காலை இரும்புப் பட்டறைக்காரர் வந்து அந்தக் கதவைக் கழற்றினார். வீட்டுக்காரரே ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தார். வேறு கதவுக்கு அளவெடுக்கட்டுமா என்று பட்டறைக்காரர் கேட்டதற்கு, "வேணாம்பா. திருடன் வந்தா வரட்டும். அவனும் நனையாம இருக்கட்டும்" என்றாராம்.

அதன்பின் தெரு கூடி ஒரு முறையை வகுத்தது. நீர் ஏறினால் எவரும் நேரே மாடிக்கு ஓடலாகாது. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் வெளியே வந்தபின் அவர்களோடு சேர்ந்துதான் ஏற வேண்டும். படகில் யாருக்கு இடம் என்று கேட்டது பழைய கதை. யாரை அழைத்து வந்தாய் என்று கேட்கட்டும் புதிய கதை. இது நான் சொன்னது. நீ சிரிப்பாய் என்று தெரியும்.

சென்ற வாரம் பட்டப்பகலில் வானம் பிளந்தது. முழங்கால் அளவு நீர். தெரு முழுதும் மாடியேறியது, ஆடுகளும் ஏறின. எல்லா உயிரும் சோடி சோடியாக ஏற வேண்டும் என்று கூட்டத்தில் அக்கா சொன்னாரே, உன் சோடி எங்கே என்று யாரோ மீன்காரம்மாவைச் சீண்டினார்கள். "அந்த மனுசனா? பக்கத்து வீட்டுக் கதவத் தட்டப் போனவரு, அங்கயே நின்னு கத பேசிட்டிருப்பாரு. தண்ணி கழுத்துக்கு வந்தாத்தான் வாய மூடுவாரு" என்றார். சிரிப்பில் மாடியே குலுங்கியது. கொத்தனார் சொன்னது மெய், வீடு குலுங்கவில்லை.

அப்போதுதான் ஒரு குறை கண்ணில் பட்டது. உங்கள் வீட்டை அடுத்துத் தனியே வாழும் அஞ்சல்காரப் பெரியவர் வரவில்லை. அவர் கதவைத் தட்டும் முறை உங்கள் வீட்டுக்கு உரியது. உங்கள் வீடோ பூட்டிக் கிடக்கிறது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்து விழிப்பதற்குள் மாடிவீட்டுக்காரர் படியிறங்கிவிட்டார். நீரில் நடந்து சென்று, கதவு அதிரத் தட்டி, பெரியவரை முதுகில் சுமந்து வந்தார். முதுகில் இருந்தவரோ வழியெல்லாம் வசை. "ரேடியோவ விட்டுட்டு வந்துட்டியேடா, நியூஸ் யாரு கேப்பா" என்றார். காது மந்தமானவருக்கு வானொலி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

ஈரம் சொட்ட என்னிடம் வந்து நின்றார் வீட்டுக்காரர். "உங்க தங்கச்சிகிட்ட மன்னிப்பு நாந்தான் நேர்ல கேக்கணும், உங்க மூலமா இல்ல. அவங்க வர்ற வரைக்கும் பெரியவர் கதவ நான் தட்டுறேன்னு மட்டும் எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

தங்கையே, அவரை மன்னித்துவிடு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. சரக்குந்தின் மேல் நின்றவள் நீ. மேடையின் மேல் நின்றவள் நான். ஆனால் ஊழிக்கதைகளை இத்தனை ஆண்டு முழங்கியும் எனக்குப் பிடிபடாத ஒன்று அந்த மாடியில் பிடிபட்டது. வெள்ளம் எவரையும் கழுவித் தூய்மையாக்குவதில்லை. படகிலிருந்து இறங்கியவர்கள் அதே மனிதர்கள்தாம். நீர் வடிந்தபின் அவர்கள் முதலில் என்ன செய்தார்கள் என்பதில்தான் அறம் இருக்கிறது. கதைகளில் சிலர் தீ மூட்டித் தொழுதார்கள். நம் தெரு ஒரு கதவைக் கழற்றியது.

வீட்டுக்கு ஆள் பார்க்கிறேன். வாங்க வருபவர் யாராயினும், அடுத்த வீட்டைத் தட்டும் முறையையும் சேர்த்தே ஏற்க வேண்டும் என்பேன். ஆனால் அந்த முறையைப் பிறர் கையில் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை.

பள்ளி விடுமுறையில் குழந்தையை அழைத்து வா. தூறல் விழுந்தால் அவள் கையைப் பற்றி அந்தப் பெரியவர் வாசலுக்குக் கூட்டிச் செல். இரு கையாலும் ஓங்கித் தட்டச் சொல். மெல்லத் தட்டினால் அவருக்குக் கேட்காது. கதவு திறக்கும். அதை அவள் ஒருமுறையேனும் காண வேண்டும்.

மூவரும் நீடு வாழ்க.

வழி பார்த்திருக்கும்
உன் அக்கா