ஞாயிற்றுக்கிழமை என்று எழுதினாய்

மட்டாடியேலே,
10 ஜூலை 1995, திங்கள்

பிரியமுள்ள லிம்போவுக்கு,

நலம். நீயும் உன் வீட்டுக்காரர் மொஹாபியும் நலமாக இருக்க வேண்டும். மற்ற சேதிகள் அப்புறம். வெள்ளிக்கிழமை பனி வருகிறது. உங்கள் மலையில் மட்டுமில்லை, இங்கே, எங்கள் கடைத்தெருவிலேயே. காலையில் ரேடியோவில் சொன்னார்கள்.

உனக்கென்ன, வருஷத்துக்கு இரண்டு முறை வாசலில் வந்து கொட்டுகிறது. கணவாய்க்குக் கீழே குடிவந்த பதினோரு வருஷத்தில் நான் பார்த்தது ஒரே தடவை. அதுவும் தரையைத் தொடுமுன் தண்ணீராகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இந்த ஜூலைக் குளிரை மட்டும் அனுபவிக்கிறோம்.

விதைக்கடையில் என் மேஜைக்கு எதிரே எங்கள் பனிக் கூட்டம் கூடிவிட்டது. நாலு பேர்தான். தபால்காரர் ஸனேம்வுலாதான் தலைவர். "அக்கா, இந்தத் தடவை வரலேன்னா மீசையை எடுத்துடறேன்" என்றார். "எந்த மீசையை?" என்று கேட்டேன். அரை மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

உன் பாரோமீட்டர் முள் எங்கே நிற்கிறது? இறங்கினால் பனிதானே? வேன் ஓட்டும் பெரியவர் புசோவிடம் பதில் கொடுத்தனுப்பு. அவரைக் காக்க வைக்காதே, எல்லைச் சாவடியில் வரிசை நீளமாம்.

உன்,
மொலியேஹி


கச்சாஸ்நெக்,
11 ஜூலை, செவ்வாய்

அன்பு மொலியேஹி,

கடிதம் வந்தது. சத்தமாகப் படித்தேன், மீசை விஷயத்துக்கு மொஹாபி கூடச் சிரித்தார். முள் நேற்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆனால் இன்று காலை எங்கள் ரேடியோ பனியே இல்லை என்கிறது. நீங்கள் நாலு பேரும் எந்த ரேடியோவைக் கேட்டீர்கள்?

கோபித்துக்கொள்ளாதே. நாம் ஆசிரியப் பயிற்சிக்குப் படித்த காலத்தில், விடுதி ஜன்னலில் முதல் பனியைப் பார்க்க நான்தான் உன்னை எழுப்பினேன். இப்போது ஜூலை வந்தாலே முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எட்டு வருஷம் முன்பு, பனி நின்ற பிறகு, பக்கத்து வீட்டு அண்ணன்தம்பி இருவரையும் மேய்ச்சல் கொட்டிலிலிருந்து போர்வையில் கட்டிக் கொண்டுவந்தார்கள். அந்தப் போர்வையைத் துவைத்தவள் நான்.

ஒரு காரியம் உன்னிடம் கேட்க வேண்டும். மேலே எங்கள் கொட்டிலில் நாற்பது செம்மறிகள் தங்கிவிட்டன. சினை ஆடுகள். மொஹாபி வியாழன் விடியலில் ஏறிப்போய் சனி சாயங்காலத்துக்குள் ஓட்டிவர நினைக்கிறார். எங்கள் ரேடியோவில் பாதி இரைச்சல். நீ சரியாகக் கேட்டு, என்றைக்கு என்று தெளிவாக எழுது. வெள்ளி என்றால் நான் அவரை வாசற்படி தாண்ட விடமாட்டேன்.

உன் பதில் வரும்வரை அவர் கிளம்பமாட்டார்.

லிம்போ


மட்டாடியேலே,
12 ஜூலை, புதன்

பிரியமுள்ள லிம்போ,

அவசரமாக எழுதுகிறேன். புசோ நாலு மணிக்குக் கிளம்புகிறார். ஒரு மணிச் செய்தியை ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டு கேட்டேன். பனி ஞாயிற்றுக்கிழமைதான். வெள்ளியும் சனியும் காற்று, குளிர், அவ்வளவே. மொஹாபி சனிக்கிழமை திரும்புவதானால் தாராளமாகப் போகலாம்.

ரேடியோ சொல்வது இந்த வாரத்தில் இது மூன்றாவது விதம். முதலில் வெள்ளி, பிறகு இல்லவே இல்லை, இப்போது ஞாயிறு. ஸனேம்வுலா சொல்கிறார்: "நாம வாயைத் திறந்தாலே அது ஓடிப்போயிடுது. இனி யாரும் பேசாதீங்க." கடையில் பனி என்ற சொல்லுக்கே தடை. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் "விருந்தாளி" என்கிறோம்.

குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு போகச் சொல்.

மொலியேஹி


கச்சாஸ்நெக்,
13 ஜூலை, வியாழன்

அன்பு மொலியேஹி,

அவர் போய்விட்டார். ஐந்து மணிக்குக் குதிரையில் ஏறினார். களி, தீப்பெட்டி, இரண்டு போர்வை. மழைக்கோட்டு வேண்டாம் என்று விட்டுப்போனார்.

நேற்று ராத்திரி முள் இறங்கத் தொடங்கியது. காலையில் இன்னும் கீழே. நான் காட்டினேன். "இந்தக் கண்ணாடிக்குப் பல் வலி வந்தாலும் இறங்கும்" என்றார். "இல்லைங்க, இப்படி இறங்கி நான் பார்த்ததில்லை, ஒரு நாள் பொறுங்க" என்றேன். உன் கடிதத்தை எடுத்து என் முன்னால் நீட்டினார். "உன் சிநேகிதிதானே எழுதியிருக்கா? ஞாயித்துக்கிழமைன்னு தெளிவா இருக்கு. ரேடியோ பக்கத்துலயே உட்கார்ந்திருக்கிறவ அவ. அவளை நம்பறதா, இந்த முள்ளை நம்பறதா?"

நான் உன்னை நம்பினேன்.

இப்போது மணி இரண்டு. வடமேற்கிலிருந்து காற்று. வானம் தகரம் மாதிரி ஆகிவிட்டது. கோழிகள் பகலிலேயே கூண்டில் ஏறிவிட்டன. அரை மணிக்கு ஒரு முறை முள்ளைத் தட்டிப் பார்க்கிறேன், ஒவ்வொரு தட்டுக்கும் இறங்குகிறது. இனித் தட்டக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ரேடியோ என்ன சொல்கிறது? உடனே எழுது. இரைச்சலில் எனக்கு "மலை" என்ற ஒரு சொல் மட்டும் கேட்டது.

லிம்போ


மட்டாடியேலே,
15 ஜூலை, சனி

லிம்போ,

இது உனக்கு எப்போது கிடைக்குமோ தெரியாது. கணவாயை மூடிவிட்டார்கள். புசோ வேனைக் கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறார். உங்கள் ஊர் ஆஸ்பத்திரி தொலைபேசிக்கு ஆறு முறை போட்டேன். மணி கூட அடிக்கவில்லை.

நேற்று மூன்று மணிக்கு இங்கே விழ ஆரம்பித்தது. முதலில் மழை, பிறகு மாவு போல. எல்லாரும் தெருவுக்கு ஓடினார்கள். ஸனேம்வுலா தபால் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினார். "அக்கா, வெளியே வா, விருந்தாளி வந்தாச்சு" என்று கூப்பிட்டார். நான் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தார். "உடம்புக்கு முடியலையா?" என்றார். இங்கே கணுக்கால் ஆழம் என்றால் அங்கே எவ்வளவு?

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன், இது மூன்றாவது.

புதன்கிழமை உனக்கு எழுதிய கடிதத்தை உறையில் போட்டு, ஒட்டாமல் கையில் வைத்திருந்தேன். மூன்றரை மணிக்கு ரேடியோ மறுபடி சொன்னது. வெள்ளிக்கிழமை, மலைகளில் கடும் பனி, கால்நடைகளைக் கீழே இறக்குங்கள் என்று. நான் நன்றாகக் கேட்டேன். இரைச்சல் இல்லை. பேனா மேஜையில்தான் கிடந்தது. புசோ வர அரை மணி நேரம் இருந்தது.

நான் எழுதவில்லை, லிம்போ. மூன்று முறை சொல்லி மூன்று முறையும் மாறியது. இந்த முறை சொல்லாமல் இருந்தால் வந்துவிடும் என்று நினைத்தேன். காலையில் எப்படியும் மாற்றுவார்கள், எதற்கு உன்னை அலைக்கழிப்பது என்றும் நினைத்தேன். மொஹாபியை மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். நினைவு இருந்தது. உறையை நாக்கால் ஈரப்படுத்தும்போது கூட இருந்தது. அப்படியும் ஒட்டினேன்.

நேற்று மதியம் வந்த உன் கடிதத்தில் "நான் உன்னை நம்பினேன்" என்று இருந்தது.

வழி திறந்ததும் முதல் வேனில் இதைக் கொடுக்கிறேன். நானே வரட்டுமா? நீ வா என்றால் நடந்தாவது வருவேன். அவர் உயிரோடு இருக்கிறார் என்று மட்டும் ஒரு வரி எழுது.

மொலியேஹி


கச்சாஸ்நெக்,
22 ஜூலை, சனி

மொலியேஹி,

அவர் உயிரோடு இருக்கிறார்.

வெள்ளி மதியம் ஆடுகளோடு பாதி வழி இறங்கியபோது பிடித்துக்கொண்டதாம். தன் கை தனக்குத் தெரியவில்லை என்றார். குதிரையை அவிழ்த்துவிட்டு, ஒரு பாறை மடிப்பில் ஆடுகளுக்கு நடுவே படுத்திருக்கிறார். மூன்று ராத்திரி. செத்த ஆடுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிச் சுவர் வைத்தாராம். திங்கட்கிழமை ஊர் ஆண்கள் பதினோரு பேர் கயிறு கட்டிக்கொண்டு ஏறினார்கள். குதிரை தானாக வந்து சேர்ந்திருந்தது. அதன் கால் தடம் கொஞ்ச தூரம் வழி காட்டியது.

அந்த மூன்று நாளும் நான் என்ன செய்தேன் என்று எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும். அவருடைய நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு மடித்து வைத்தேன். எதற்கு என்று எனக்குத் தெரியும்.

இடது காலில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். வலது கையை இன்னும் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். நாற்பதில் ஆறு ஆடுகள் மிஞ்சின.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் படித்தேன். உள்ளே போனபோது அவர் விழித்திருந்தார். "கீழேருந்து கடுதாசியா?" என்றார். ஆமாம் என்றேன். "அவ ரொம்ப ஒடிஞ்சு போயிருப்பா. ரேடியோக்காரன் மாத்தினதுக்கு அவ என்ன பண்ணுவா, பாவம்" என்றார். பிறகு, "அவளுக்கு முன்னாடியே தெரியாதில்ல?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொன்னேன்.

பதினாறு வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய் இது. உனக்காகச் சொன்னேனா, அவர் நெஞ்சில் அந்த வெறுப்பு ஏறி உட்கார வேண்டாம் என்று சொன்னேனா, தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கடிதத்தை அடுப்பில் போட்டேன். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்.

நீ மறைத்திருக்கலாம். மறைக்காமல் எழுதினாய். அதை நான் நினைக்காமல் இல்லை. ஆனால் உன் கையெழுத்தை இனி என்னால் பார்க்க முடியாது.

வர வேண்டாம். கணவாய் திறந்துவிட்டது, இன்று மதியமே இது உன் கைக்கு வந்துவிடும். புசோ நாலு மணி வரை உன் கடை வாசலில்தான் நிற்பார். அவரிடம் எதுவும் கொடுத்தனுப்பாதே.

லிம்போ