அப்பாவின் ஈரத்துண்டு

மூர்மான்ஸ்க்
3 பிப்ரவரி 1984

அன்புள்ள தாஸ்யாவுக்கு,

நானும் உன் அப்பாவும் நலம். அந்தத் தீவில் நீயும் உன் காற்றளக்கும் கருவிகளும் உறைந்துபோகாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை உங்கள் நிலையத்துக்கு ஹெலிகாப்டர் கிளம்புகிறதாம். விமானியின் மனைவி நேற்று நான் ஓட்டும் டிராலிபஸ்ஸில் ஏறினாள். கண்ணாடித் தடுப்பைத் தட்டி, "கடுதாசி எத்தனை வேணாலும் குடுங்க, வெனியமின். போன தடவை மாதிரி காளான் ஊறுகாய் மட்டும் வேண்டாம். ஜாடி ஒழுகி, எங்க வீட்டுக்காரர் ஒரு வாரம் காளான் வாசனையோட திரிஞ்சார்" என்றாள். ஆகவே இந்த முறை எலுமிச்சம்பழம், கம்பளிக் காலுறை, இந்தக் கடிதம், அவ்வளவுதான். அப்பா உப்புக்கண்டம் போட்ட மீனையும் வைக்கச் சொன்னார். காகிதத்தில் சுற்றி எலுமிச்சைக்கு அடியில் ஒளித்திருக்கிறேன். விமானியிடம் சொல்லாதே.

ஊர் எப்போதும்போல் இருக்கிறது. வளைகுடா உறையாமல் ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. காலையில் அக்கரை தெரிவதில்லை, கப்பல்கள் ஒன்றையொன்று ஊதிக் கூப்பிட்டுக்கொள்கின்றன. புதுப்பனி விழுந்தால் ஒருநாள் வெள்ளையாக இருக்கிறது, மறுநாள் துறைமுகத் தூசி படிந்து மிளகு தூவிய முட்டைபோல் ஆகிவிடுகிறது. நம் தெருவிலிருந்து மேல்தெருவுக்குப் போகும் படிக்கட்டின் கைப்பிடி உடைந்துவிட்டது. போகும்போது எப்படியோ ஏறிவிடுகிறோம். வரும்போது எல்லோரும் உட்கார்ந்துகொண்டு சறுக்கித்தான் இறங்குகிறோம். பள்ளித் தலைமையாசிரியை அம்மாள் நரித்தோல் தொப்பியோடு என் காலடி வரைக்கும் சறுக்கி வந்து, எழுந்து, பனியைத் தட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காதவர்போல் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். கடையில் ஆரஞ்சு வந்தது. வரிசை தபால் நிலையம் வரைக்கும் நின்றது. நம் மாடிக்கு மேலே இருந்த கோரபோவ் குடும்பம் வொரோனெஷுக்குக் குடிபோய்விட்டது. மூன்று வருஷம் வேலை செய்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள், தலை நரைத்து, பேரன் எடுத்துத்தான் போகிறார்கள். இந்த ஊரில் எல்லோர் கதையும் அதுதானே.

இனி அப்பா விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நிதானமாகப் படி. பயப்பட ஒன்றும் இல்லை.

நீ போன பிறகு அவர் ஜன்னலோரமே கதியென்று இருந்தார். தொலைநோக்கியை வைத்துக்கொண்டு உள்ளே வரும் ஒவ்வொரு மீன்பிடிக் கப்பலையும் பெயர் சொல்லித் திட்டுவார். அது அலுத்தால் என்னைத் திட்டுவார். என் பீட்ரூட் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது சூப்பா மாப்பிள்ளை, இல்லே கப்பல் அடியிலே தேங்கற தண்ணியா?" என்றார். நான் வண்டி ஓட்டக் கிளம்பினால், "தலைக்குமேலே மின்கம்பி பத்திரம்டா! கம்பி அறுந்துதுன்னா உனக்கு வீட்டுக்கு வரவே வழி தெரியாது" என்பார். முப்பது வருஷம் கப்பலில் ஆட்களை அதட்டி வேலை வாங்கிய மனிதர். இப்போது அதட்டுவதற்கு நான் ஒருவன்தான் மிச்சம். கேட்டுக்கொண்டேன்.

டிசம்பர் நடுவில் திட்டுவதும் நின்றுபோயிற்று. அதுதான் எனக்குக் கவலை. நாள் முழுக்க இருட்டு, ஜன்னலில் விளக்குகள் தவிர ஒன்றுமில்லை. மார்புவலி வந்ததிலிருந்து படி ஏறக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் வெளியே போவதும் இல்லை. அந்த நேரம் பார்த்து ரோஸ்தோவிலிருந்து கிளாஃபிரா அத்தையின் கடிதம் வந்தது. இங்கே வந்துவிடு, வாசலில் வாதுமைப் பழமரம், வருஷம் பூராவும் வெயில், தனியாக ஓர் அறை தருகிறேன் என்று எழுதியிருந்தார். அப்பா அதை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார். பிறகு சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "பிப்ரவரியிலே போயிடறேன். நீங்க சின்னஞ்சிறுசுங்க. நடுவிலே நான் எதுக்கு, வழியிலே போட்ட மூட்டை மாதிரி?" என்றார்.

தாஸ்யா, நமக்கு நாற்பது ஆகிறது. சின்னஞ்சிறுசு என்றது ஒரு பக்கம் இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் விமான நிலையத்தில் நீ என் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துக்கொள் என்று சொன்னது என் காதில் நின்றது. போக வேண்டாம் மாமா என்றேன். "ஏன், திட்டு வாங்காம சோறு இறங்கலையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். இதை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் புத்தாண்டுக் கடிதத்தை அவ்வளவு சுருக்கமாக முடித்தேன்.

புத்தாண்டு கழிந்து ஒரு விசித்திரம். வேலையிலிருந்து திரும்பினால் வெப்பக்குழாயின் மேல் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருக்கும். குளித்தீர்களா மாமா என்றால், "ஏன், குளிக்க உன்கிட்ட சீட்டு வாங்கணுமா?" என்பார். குளியலறைத் தரையைப் பார்த்தால் சொட்டு ஈரம் கிடையாது. அதோடு மனிதர் முணுமுணுவென்று பாட ஆரம்பித்திருந்தார். என் சூப்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார். எனக்குப் பயமே வந்துவிட்டது.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, மதியம். மதியம் என்றால் உனக்குத் தெரியும், இருட்டு ஒரு மணி நேரம் வெளுத்து நீலமாக இருக்குமே, அந்த நேரம். சந்தை நிறுத்தத்தில் கோட்டுக் காலரைக் காது வரை தூக்கிவிட்டுக்கொண்டு ஒருவர் பின்கதவில் ஏறினார். தொப்பியைப் பார்த்ததும் அப்பா என்று தெரிந்துவிட்டது. கூடவே நான்காம் மாடி நோனா அர்கதியேவ்னா, மீன் பதனிடும் ஆலையிலிருந்து ஓய்வுபெற்றாரே, அவர்தான். இருவர் கையிலும் பை. கடைசி இருக்கையில் போய், ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல் உட்கார்ந்தார்கள். வண்டி ஓட்டும்போது நான் பேசக்கூடாது. கண்ணாடியில் பார்த்து முறைத்தேன். அவர் வெளியே பார்த்தார்.

செமியோனோவ் ஏரிக்குப் போகும் ஏற்றத்தில் பாதி ஏறியிருப்போம். வளைகுடாப் பக்கமிருந்து ஒரு பனிச்சுழல் வந்து அடித்தது. முன்கண்ணாடி வெள்ளையாயிற்று. அடுத்த நிமிடம் தலைக்குமேல் படார் என்று ஒரு சத்தம், வண்டிக்கு மின்சாரம் எடுக்கும் இரண்டு கொம்பும் மேலே ஓடும் கம்பியைவிட்டுத் துள்ளிவிட்டன. விளக்கு அணைந்தது. உள்ளே வண்டி நிறைய ஆட்கள், வெளியே கண் தெரியாத பனி, ஏற்றத்தில் நிற்கும் வண்டி. பிரேக்கை இறுகப் போட்டுவிட்டு இறங்கிப் பின்னால் போய்க் கொம்புகளை இழுக்கும் கயிறுகளைப் பிடித்தேன். கயிறு பனிக்கட்டி பிடித்துக் குச்சியாகிவிட்டது. காற்று கொம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுகிறது. ஒன்றைப் போட்டால் மற்றொன்று நழுவுகிறது. உள்ளே ஒருவன், "டிரைவர், இங்கேயே குடியிருக்கச் சொல்றியா?" என்று கத்துகிறான்.

அப்போது என் தோளுக்குப் பின்னால் அந்தக் குரல். "கயித்தைக் கையிலே சுத்தாதே! விரல் போயிடும்! ஒண்ணை என்கிட்ட விடு!"

நான் மாமா, நீங்கள் உள்ளே போங்கள், மார்புவலி என்றேன். "வலி எனக்கா, கயித்துக்கா? நான் சொன்னதும் தூக்கு. இப்போ இல்லே... இப்போ இல்லே... காத்து மூச்சு வாங்குது பாரு, இப்போ!" என்றார். நான் இழுத்தேன், அவர் இழுத்தார். ஒரே சமயத்தில் இரண்டும் கம்பியில் போய் உட்கார்ந்தன. நீலப்பொறி பறந்தது, விளக்கு எரிந்தது, உள்ளே எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார், தாஸ்யா. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் என்னைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்ததில்லை.

ஆனால் கயிறு இழுக்கும் அவசரத்தில் கையிலிருந்த பையைக் கீழே போட்டிருந்தார். காற்று அதைப் புரட்டிவிட்டது. விளக்கு வெளிச்சத்தில், வெள்ளைப் பனிமேல், ஒரு துண்டும் சிவப்பு நீச்சல் கால்சட்டையும் கிடந்தன. பின்கண்ணாடி வழியாக வண்டி மொத்தமும் பார்த்தது. நோனா கதவைத் திறந்து அப்பாவை எட்டிப்பார்த்து, "அய்யய்யோ புரோகோர் சாவிச், ஏரி இன்னும் வரலே! அதுக்குள்ளே எடுத்துட்டீங்களே!" என்றார். வண்டி குலுங்கியது. சிரிப்பில்தான்.

உறைந்த ஏரியில் துளை வெட்டிக் குளிக்கிறார்களே, அந்தக் கூட்டத்தில் நம் அப்பா இரண்டு வாரமாக உறுப்பினர்! சேர்த்துவிட்டது நோனா. எனக்குத் தலை கிறுகிறுத்தது. நடுத்தெருவில், பனியில் நின்று, மருத்துவர் என்ன சொன்னார் என்று கத்தினேன். அவர் கால்சட்டையை மடித்து அழகாகப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "படி ஏறாதேன்னு சொன்னார். தண்ணியிலே இறங்காதேன்னு அவர் ஒரு வார்த்தை சொல்லலையே."

உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். எனக்கும் வந்தது. திங்கட்கிழமையே விடுப்புப் போட்டு அவரை இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், படம் எடுத்தார், மறுபடி கேட்டார். இரத்த அழுத்தம் இலையுதிர் காலத்தில் இருந்ததைவிட நன்றாக இருக்கிறதாம். ஜன்னலோரம் உட்கார்ந்து உப்பு மீன் தின்பதைவிட நடப்பதும் சிரிப்பதும் மேல், படிகூட நின்று நின்று ஏறலாம் என்றார். தண்ணீருக்குள் தலை போகக்கூடாது, இடுப்பு வரைதான், எண்ணிப் பத்து மூச்சு, அதற்குமேல் ஒரு மூச்சு கூடாது, தனியாகவும் போகக்கூடாது. அப்பா எதற்கும் தலையாட்டாத மனிதர், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தனியாகப் போகக்கூடாது என்றதற்கு மட்டும் கொஞ்சம் வேகமாகவே ஆட்டினார்.

சென்ற ஞாயிறு, இருட்டு மாதங்கள் கழிந்து முதல்முறை எழும் சூரியனைப் பார்க்கக் குன்றுக்குப் போனோம், நோனாவோடு மூவருமாக. ஊரே அங்கேதான் இருந்தது. குழந்தைகள் சறுக்குவண்டியில், பெண்கள் கூடையில் அப்பத்தோடு, ஆண்கள் எதையோ கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு. தெற்கே முழுக்க மேகம். இந்த வருஷம் ஏமாற்றம்தான் என்று பாதிப்பேர் இறங்கத் தொடங்கினார்கள். அப்பா நகரவில்லை. நோனா தெர்மாஸிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். திடீரென்று குன்றுகளுக்கு நடுவே மேகம் கொஞ்சம் கிழிந்தது. ஆரஞ்சுச் சுளை அளவுக்கு ஒரு விளிம்பு, அவ்வளவுதான். தேநீர்க் கோப்பையில், எல்லோர் மூக்கிலும், கீழே ஊரின் ஜன்னல்கள் அத்தனையிலும் சிவப்பு ஏறியது. கூட்டம் "ஹுர்ரா" என்று கத்தியது. முன்பின் தெரியாத ஒரு கிழவர் என்னைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தார். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இறங்கும்போது கேட்டேன், ரோஸ்தோவுக்கு எப்போது சீட்டு வாங்கட்டும் மாமா என்று. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரோஸ்தோவிலே சூரியன் தினமும் வருது. தினமும் வர்றதை எவன் போய் நின்னு பார்ப்பான்?" என்றார்.

நோனா எங்களை முந்திக்கொண்டு நடந்தார். ஆனால் அவர் காது சிவந்திருந்ததை நான் கவனித்தேன். குளிராகவும் இருக்கலாம்.

ஆகவே அப்பா போகவில்லை. கிளாஃபிரா அத்தைக்கு எழுதிவிட்டார். இப்போது அவருக்கு மதியச் சாப்பாடு நான்காம் மாடியில். எனக்கும் கீழே அனுப்புகிறார் நோனா, நேற்று மீன் அடைத்த அப்பம் வந்தது. நேற்று காலையில் அப்பா என் நல்ல சவரக்கத்தியைக் கடன் கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. உன் அம்மாவின் படம் அலமாரிமேல் அதே இடத்தில்தான் இருக்கிறது. போன வாரம் நோனா இங்கே வந்தபோது, யாரும் சொல்லாமலே, தன் தலைக்குட்டை முனையால் அதன் கண்ணாடியைத் துடைத்து வைத்தார். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். உனக்கு மட்டும் சொல்கிறேன்.

இன்று நான் எழுத உட்கார்ந்ததிலிருந்து அப்பா நாற்காலிக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தார். "எழுதிட்டியா?" என்றார். எதை மாமா என்றேன். "வானிலையை" என்றார். மூர்மான்ஸ்க் வானிலையை அவளுக்கு எழுத வேண்டுமா, அவளே நமக்குச் சொல்வாளே என்றேன். "எழுதி வை. அவ கோவிச்சுக்கமாட்டாதானே?" என்று கேட்டார். அறுபத்தெட்டு வயது மனிதர், கப்பல் தளத்தில் அலையைப் பார்த்து அதட்டியவர், மகள் கோபித்துக்கொள்வாளோ என்று கேட்கிறார். கோபித்துக்கொள்ளமாட்டாள் என்று உன் சார்பில் சொல்லிவிட்டேன். தவறாயிருந்தால் திட்டை எனக்கு அனுப்பு. ஆனால் அவருக்குத் தனியாக நாலு வரி எழுது. நோனாவுக்கும் ஒரு வணக்கம் போடு. எவ்வளவு சின்னதானாலும் சரி.

உன் கடைசிக் கடிதத்தில் நீ கேட்டதற்கு இவ்வளவு பக்கம் ஓட்டியும் பதில் சொல்லவில்லை. நிலையத் தலைவர் ஜூனில் திரும்பாமல் இன்னொரு குளிர்காலமும் இருக்கச் சொல்கிறார், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். உன் வேலை பெரிய வேலை. நீ அனுப்பும் காற்றின் கணக்கைப் பார்த்துத்தான் இங்கே கப்பல்கள் கிளம்புகின்றன என்பது எனக்கும் தெரியும். உன் மனசு எப்படியோ அப்படிச் செய். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

உன் அடுப்பு அணையாதிருக்கட்டும். கரடிகள் உங்கள் வாசல் பக்கம் திரும்பாதிருக்கட்டும். காற்று எவ்வளவு அடித்தாலும் கருவியைப் படித்துவிட்டு நீ பத்திரமாக உள்ளே திரும்பு.

ஜூனில் வந்துவிடு என்று எழுதச் சொன்னார் அப்பா. ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே என்றும் சொன்னார். கண்டிப்பாகச் சொன்னார். அவர் இப்போது நான்காம் மாடியில் இருக்கிறார். இறங்கி வந்ததும் கேட்டால் இதையேதான் சொல்வார்.

என்றும் உன்,
வெனியமின்