பாதியில் நின்ற பெயிண்ட்

பிப்ரவரி, இரண்டாம் ஞாயிறு. இரவு.

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஆறு வாரமாகத் தேய்த்துத் தயார் செய்த காருக்கு இன்று மதியம்தான் பெயிண்ட் அடித்தேன். டெல்லித் தூசி ஒட்டாமலிருக்க கராஜ் ஷட்டரை இறக்கினேன். ஃபில்டர் வைத்த மாஸ்க், கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டேன். நெடியை வெளியே தள்ள, தீப்பொறி பறக்காத எக்ஸாஸ்ட் ஃபேனையே தேடி வாங்கி மாட்டியிருந்தேன். எதையும் விடவில்லை என்றுதான் நினைத்தேன்.

பானட்டில் பாதி அடித்திருப்பேன். என் மனைவி சுதா ஷட்டரைப் படபடவென்று தட்டினாள்.

"நிறுத்துங்க! மாடி வீட்டுக் குழந்தை இருமி இருமி மூச்சு வாங்குது. உங்க ஃபேன் நேரா அவங்க ஜன்னலுக்குத்தான் அனுப்புது."

"இப்ப நிறுத்தினா பெயிண்ட் பாழாயிடும். அஞ்சே நிமிஷம்."

"உங்களுக்கு மாஸ்க் இருக்கு. அந்தக் குழந்தைக்கு?"

ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்துவிட்டேன். ஆனாலும் அந்த ஐந்து நிமிஷத்தைக் கேட்டேனே.

சாயங்காலம் மாடிக்குப் போனேன். குழந்தை தேறியிருந்தது. "கோயி பாத் நஹி, பையா" என்று, பரவாயில்லை அண்ணா என்பதை இந்தியில் சொல்லி, அதன் அம்மா சிரிக்கப் பார்த்தார். நெடி போகவில்லை என்று அந்தக் குளிரிலும் எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்திருந்தார்கள். குழந்தைக்கு இரண்டு ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி.

காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டு மீதியை அங்கே அடிக்கக் கொடுத்துவிடச் சொல்கிறாள் சுதா. கொடுக்கத்தான் வேண்டும். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

சற்று முன் வெளியே போய் அண்ணாந்து பார்த்தேன். மாடியில் இன்னும் ஜன்னல்களை மூடவில்லை.