பதினேழு இன்ச்சை நான் கொடுப்பதாக இல்லை

கோவில்பட்டி,
புதன்கிழமை.

அன்பு மகன் பிரின்ஸ்டனுக்கு அம்மா எழுதுவது.

கர்த்தர் கிருபையால் இங்கே அப்பாவும் நானும் சுகம். டப்ளின் குளிரில் நீயும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும், தினமும் ஜெபத்தில் நான் கேட்பதும் அதைத்தான். இன்று காலை எழுந்ததும், அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் நான் செய்த முதல் வேலை, தையல் டப்பாவிலிருந்து டேப்பை எடுத்து அந்தப் பதினேழு இன்ச் பெரிய லேப்டாப்பைப் பையோடு சேர்த்து நீளம், அகலம், கனம் என்று அளந்ததுதான். அப்பா பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்துவிட்டு, வாங்க வாரவன் அளந்துக்கிடுவான், நீ எதுக்கு அளக்குத எஸ்தரு என்றார். நான் டேப்பைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டேன். எதற்கு அளந்தேன் என்று உனக்குக் கடைசியில் சொல்கிறேன், அதுவரை பொறு. போனில் பேசினால் அம்மா அம்மா என்று நடுவில் குறுக்கே வந்து உன் பேச்சை முடித்துவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் மெயிலில் தட்டுகிறேன். தட்டுவதும் அந்தப் பெரியதில்தான், தெரிந்துகொள்.

நீ அனுப்பிய சின்ன லேப்டாப் போன வாரமே பத்திரமாக வந்து சேர்ந்தது. அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். அப்பா அதை ஒரு கையில் தூக்கிப் பார்த்து, நம்ம வீட்டுப் பெரிய பைபிளே இதவிடக் கனம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எதிர்வீட்டு சபிதா வந்து பார்த்துவிட்டு, எக்கா, புள்ளைன்னா இப்படில்லா இருக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கும் மனது நிறைந்துதான் இருந்தது. ஆனால் அதன் பிறகுதான் அப்பா மெதுவாக அடுத்த செய்தியைச் சொன்னார், பெரியதை எடுத்துப்போகப் பழைய லேப்டாப் வாங்கும் கம்பெனியிலிருந்து வெள்ளிக்கிழமை ஆள் வருவார், நீயே அங்கிருந்து ஏற்பாடு செய்துவிட்டாய் என்று. நீயும் அவரும் பேசி முடித்திருக்கிறீர்கள். அதில் தினமும் வேலை செய்கிற என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. கோபத்தில் எழுதுவதாக நினைக்காதே. கோபம்தான், ஆனால் இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்த பிறகும் மிஞ்சிய கோபம்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் அதே லேப்டாப்பில் நீ ராவெல்லாம் துப்பாக்கி சுட்டு விளையாடிய வருடங்களில் நான் பேசியது எதுவும் உன் காதில் விழுந்திருக்காது, அதனால் மறுபடி சொல்கிறேன். நான் வரைவது தீப்பெட்டி லேபிள். தீப்பெட்டி வாங்குகிறவர்களில் பாதிப்பேர் பெயரைப் படித்து வாங்குவதில்லை, கிளி கொடு, சாவி கொடு என்று படத்தைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். வடக்கே போகிற சரக்கு என்றால் முழுக்கவே அப்படித்தான். ஒரே படத்துக்கு நாலு பேர் நாலு பெயர் சொன்னால் அந்தப் பெட்டி கடையிலேயே உட்கார்ந்துவிடும். அதனால் எட்டயபுரம் ரோட்டில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் தங்கச்சாமி அண்ணாச்சி ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். புது லேபிள் எதுவானாலும் அச்சுக்குப் போகும் முன்னால் பெட்டி கட்டும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எல்லாரிடமும் காட்ட வேண்டும். என்ன படம் என்று நாம் சொல்லக் கூடாது, அவர்கள் சொல்ல வேண்டும். எல்லார் வாயிலும் ஒரே பெயர் வந்தால்தான் லேபிள் பாஸ். நான் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி மேல் பெரிய லேப்டாப்பை வைத்து, கடையில் அடுக்கினால் எப்படித் தெரியுமோ அப்படியே, நிஜ அளவில் வரிசை வரிசையாக லேபிளைப் போட்டுக் காட்டுவேன். அவர்கள் கை பாட்டுக்கு வேலை செய்யும், தலையைத் தூக்கிப் பார்த்து ஒரே நேரத்தில் கத்துவார்கள். இதுதான் என் தொழில், படம் வரைவது அதில் பாதிதான்.

போன சனிக்கிழமை உன் பேச்சைக் கேட்டு, சின்னதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். பொய் சொல்ல மாட்டேன், பஸ்ஸில் ஏறும்போது தோள் லேசாக இருந்தது, உன்னை மனதார வாழ்த்தினேன். அண்ணாச்சிகூட, இன்னைக்குத்தான்மா ஆபீசர் மாதிரி வாரீங்க என்றார். மயில் லேபிள் ஒன்று காட்ட வேண்டியிருந்தது. கூடத்தில் வைத்தால் இரண்டாவது வரிசைக்கே தெரியவில்லை, எக்கா, என்ன சிலேட்டுப் பலகையா கொண்டாந்திருக்கிய என்று பின்னாலிருந்து ஒரு குரல். நிஜ அளவில் வரிசையாகப் போட்டால் அந்தச் சின்னத் திரையில் நாலைந்துக்கு மேல் பிடிக்கவில்லை. அதனால் ஒரே ஒரு லேபிளைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, கைக்குக் கை மாற்றிக் கொடுத்தேன். முதலில் வாங்கிய சுப்புத்தாய் மயிலு என்றாள், அடுத்தவள் மயிலு என்றாள், அப்படியே கடைசிவரை மயிலு மயிலு என்றே போனது. அண்ணாச்சிக்குச் சந்தோஷம், அச்சகத்துல பிளேட் போடச் சொல்லிருங்க என்றார்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு மனது ஒப்பவில்லை. இத்தனை வருடத்தில் அந்தக் கூடத்தில் சண்டை இல்லாமல் ஒரு லேபிள் பாஸ் ஆனதே கிடையாது. அச்சகத்துக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்துவிட்டு, திங்கட்கிழமை பெரியதைத் தூக்கிக்கொண்டு மறுபடி போனேன். மரப்பெட்டி மேல் வைத்து வரிசையாகப் போட்டதும் எல்லாரும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். பிறகு பேச்சித்தாய் தயங்கித் தயங்கி, அன்னாசிப்பழமாக்கா என்றாள். வான்கோழிடி என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. சனிக்கிழமை முதல் ஆளாக மயில் என்று சொன்ன அதே சுப்புத்தாய், ஏட்டி, கள்ளிச்செடி மேல காக்கா உக்காந்திருக்கு, கண்ணு தெரியலையா என்றாளே பார்க்கலாம். கூடமே சிரித்து உருண்டது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. தோகையை மூடி வரைந்திருந்தேன், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இறகுக் கண்ணெல்லாம் தெரியும், பெட்டி அளவுக்குச் சுருங்கித் தள்ளிப் போனால் அது அன்னாசிப்பழம்தான். அப்புறம் ஏன் சனிக்கிழமை எல்லாரும் மயில் என்றீர்கள் என்று கேட்டேன். பேச்சித்தாய் சொன்னாள், பக்கத்துல இருக்கவ சொன்னதத்தானக்கா நானும் சொன்னேன், நீங்க வேற மூஞ்சிய மூஞ்சியப் பாத்துட்டு நின்னிய.

நீ இப்போது என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஒரு வயரை வாங்கி டிவியில் மாட்டிக் காட்டலாமே என்பாய். பெட்டி கட்டும் கூடத்தில் டிவி கிடையாது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகலாமே என்பாய். பிரிண்டில் இருக்கும் மயிலின் தோகையை அங்கேயே விரிக்க முடியுமா? நான் விரித்தேன். இன்னும் கொஞ்சம் விரிங்கக்கா, கழுத்த வளைங்கக்கா என்று அவர்கள் கத்தக் கத்த அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன், எல்லாரும் ஒரே மூச்சில் மயிலு என்று கத்தியபோது சார்ஜும் தீர்ந்தது. ஆமாம், சார்ஜ் நிற்காது, சார்ஜர் செங்கல் கனம், உள்ளே ஃபேன் சுற்றுகிற சத்தம் மாவு மில் மாதிரி, எல்லாம் எனக்கும் தெரியும். சின்னது ஒருவர் பார்க்கிற பொருள். உனக்கு அது போதும், ரயிலில் உட்கார்ந்து மடியில் வைத்து வேலை பார்க்கிறாய். என் வேலை பத்துப் பதினைந்து கண்கள் சேர்ந்து பார்க்கிற வேலை. கையடக்கம் என்பது எல்லாருக்கும் ஒரே அளவு என்று யார் சொன்னது? சின்னது வீட்டிலேயே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவுக்கு அப்பா அதில்தான் பாட்டு வரி பார்க்கிறார், மடியில் கச்சிதமாக உட்காருகிறது.

மற்றபடி இங்கே நல்ல மழை. நாகலாபுரத்தில் சித்தப்பா உளுந்து விதைத்துவிட்டார், இந்த வருடமாவது முளைத்தது நிற்கட்டும் என்று ஜெபித்துக்கொள். கரிசல் மண் செருப்பைப் பிடித்தால் விட மாட்டேன் என்கிறது, மெயின் ரோட்டிலிருந்து ஆபீசுக்கு நடப்பதற்குள் காலே தனிக் கனமாகிவிடுகிறது. அடுத்த மாதம் நம் ஆலயத்தில் அசனம், சபையே உட்கார்ந்து சாப்பிடும்போது உன் நினைவு வராமல் இருக்காது. நீ மதியம் ரொட்டியை மட்டும் கடித்துவிட்டு ஓடாதே, ராத்திரியாவது சோறு பொங்கிச் சாப்பிடு. பருப்புப்பொடி தீர்ந்திருந்தால் சொல், ஊருக்கு வந்து திரும்பும் யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன்.

தோள்பட்டை வலிக்கிறது என்று நான் ஒருநாள் சொன்னதை வைத்துத்தான் நீங்கள் இருவரும் இத்தனையும் செய்தீர்கள், அது எனக்குப் புரியாமல் இல்லை. வலிப்பது உண்மை. பஸ்ஸில் அந்தப் பையோடு நின்றால் கண்டக்டர், யக்கா, டிவியக் கழத்திட்டு வந்துட்டியளா, வீட்ல அண்ணாச்சி எதப் பாப்பாரு என்று கேலி செய்வதும் உண்மை. ஆனால் வலி என்றதும் உங்களுக்கு என் சாமானைச் சின்னதாக்கத்தான் தோன்றியது. நான் எதில் போகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு நாளாக இதையே யோசித்தேன். உன் அத்தை ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கையில் பிளேட் வைத்த நாளில், நம்ம வீட்ல இனிமே பொம்பளைய வண்டி எடுக்க வேண்டாம் என்று அப்பா சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பயத்தில் சொன்ன சொல். அந்த அத்தையே கை கூடியதும் மறுபடி வண்டி எடுத்துவிட்டாள். நான் மட்டும் அவருடைய பயத்தை என் பயம் என்று நினைத்து, லேப்டாப்போடு சேர்த்து அதையும் பஸ் பஸ்ஸாகத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

அதனால் முதல் காரியம், அந்தக் கம்பெனிக்கு நீயே போன் செய்து வெள்ளிக்கிழமை யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிடு. மறந்துவிடாதே. மீறி வந்தால் மோர் கொடுத்து உட்காரவைத்து வெறுங்கையோடு அனுப்புவேன், அப்பா என்ன சொன்னாலும் சரி. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, நல்ல சுகத்தையும் நல்ல சிநேகிதர்களையும் தருவாராக.

இனி, காலையில் எதற்கு அளந்தேன் என்பது. லேப்டாப்பை அளந்த கையோடு பால் வாங்குவதுபோல வெளியே போய், சபிதா வாசலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தையும் அளந்துவிட்டு வந்தேன். பை நிமிர்ந்து நிற்கும், இரண்டு பக்கமும் கால் வைக்க இடம் மிஞ்சும். மழை நாளில் கரிசலில் சக்கரம் சிக்கும் என்பாய், தார் ரோட்டில் நிறுத்திவிட்டு நடப்பேன், இப்போதும் நடக்கத்தானே செய்கிறேன். அப்பாவிடம் சொல்லவில்லை, சபிதாவிடம்கூட இன்னும் கேட்கவில்லை, உனக்குத்தான் முதலில். நாளையிலிருந்து நான் ஸ்கூட்டர் ஓட்டப் பழகப் போகிறேன்.

உன் அம்மா,
சா. எஸ்தர்ராணி