நாற்காலியிலிருந்து ஒரு ‘ச்சு’

என் சண்டைக்காரிக்கு,

வயலின் கற்க வரும் பிள்ளைகள் தங்கள் தப்பைத் தாங்களே கண்டுபிடிக்கட்டும் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்வேன். நீ கேட்டால்தானே! ஒரு சுரம் பிசகினால் போதும், ஜன்னலோர நாற்காலியிலிருந்து ‘ச்சு’ என்பாய். பிள்ளைகள் தங்கள் காதை விட்டுவிட்டு உன் நாக்கை நம்பி வாசித்தார்கள்.

இப்போது வகுப்பு என் இஷ்டப்படிதான் நடக்கிறது. யாரும் திருத்துவதில்லை. அவர்கள் வாசிக்கும்போது நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன். உன் நாற்காலியை மட்டும் நகர்த்தவில்லை.

போன வாரம் சேர்ந்த பெண் இன்று ஓரிடத்தில் சட்டென்று நிறுத்தி, விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்து, சரியாக வாசித்ததை அடுப்படி வாசலிலிருந்து பார்த்தேன். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“எப்படிம்மா கண்டுபிடிச்சே?”

“அந்த நாற்காலிப் பக்கம் யாரோ ‘ச்சு’ன்னாங்க சார். நீங்கதானே?”

அவள் உன்னைப் பார்த்ததே இல்லை. “ஆமா, நான்தான்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அப்போதிலிருந்து அதே வரியை வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், வேண்டுமென்றே தப்பாக.

தபாலில் போட உனக்கு இனி விலாசம் ஏது? இதை நாற்காலியிலேயே வைக்கிறேன்.

ஒரு தடவை சொல்லேன்டி.

உன் வீட்டுக்காரன்