சிபியு மேல் வைத்த கை

இன்று காலை ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு பீரோக் கைப்பிடியைத் தொட்டேன். விரல் நுனியில் சுருக்கென்றது. தில்லிக் குளிரில் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். எனக்கு மட்டும் இப்போதெல்லாம் அதில் உங்கள் நினைவு வந்துவிடுகிறது.

ஜனக்புரியில் நீங்கள் கீழ்த்தளம், நான் மாடி. உங்கள் மனைவி காலமான பிறகு, கல்யாணமான புதிதில் அவர் ஊரிலிருந்து உங்களுக்கு எழுதிய கடிதங்களை வெளியே எடுத்தீர்கள். புனேயில் இருக்கும் மகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. அதனால் ஒவ்வொன்றாகப் படித்துக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து அனுப்பத் தொடங்கினீர்கள். அந்தப் பொடி எழுத்து உங்களைத் தவிர வேறு யாருக்கும் பிடிபடாது. நாலு கடிதம் போயிருந்தது. அப்போதுதான் நான் மூக்கை நுழைத்தேன்.

பழைய கம்ப்யூட்டர் ஆமையாக நகர்கிறது என்று புது போர்டு, புது கேபினெட் எல்லாம் வாங்கி நானே மாட்டினேன். அன்றிலிருந்து ஸ்பீக்கரிலும் பதிவிலும் ஓர் இரைச்சல். சவுண்ட் கார்டுதான் காரணம் என்று தீர்ப்பு எழுதினேன். டிரைவரை மாற்றினேன், வேறு கார்டு போட்டேன், மைக்கையும் மாற்றினேன். அசையவில்லை. பரவாயில்லை, இப்படியே படிக்கிறேன் என்றீர்கள். நான்தான் விடவில்லை. பெண் காலத்துக்கும் வைத்துக் கேட்கப்போவது, சுத்தமாக இருக்க வேண்டாமா என்று உபதேசம் வேறு செய்தேன்.

ஒரு நாள் நீங்களே சொன்னீர்கள்: "சிபியு மேல கை வச்சா சத்தம் கொறையுது, பாய்சாப். ஆனா லேசா சுர்ருங்குது."

"அது ஸ்வெட்டர் கரண்ட் சார். இத்தன வருஷம் தில்லில இருந்துட்டு இது தெரியலையா?"

நீங்கள் கோபப்படவில்லை. அச்சா என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்து போனீர்கள். பொங்கலுக்குள் சரிசெய்துவிடுவதாகச் சொன்னேன். பொங்கலுக்கு நீங்கள் இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டீர்கள்.

காரியங்கள் முடிந்து கம்ப்யூட்டரைக் கழற்றப்போனபோதுதான் கண்ணில் பட்டது. சுவரில் இருந்த ஒரே த்ரீ பின் பாயிண்டில் ரூம் ஹீட்டர். உங்களுக்குக் குளிருமே என்று, புது கேபினெட் வைத்த அன்று நான்தான் ஹீட்டரை அங்கே மாட்டி, கம்ப்யூட்டரை டூ பின் எக்ஸ்டென்ஷனுக்கு மாற்றியிருந்தேன். எர்த் இல்லை. கேபினெட்டில் கசிந்த கரண்ட் உங்கள் கை வழியாகத் தரைக்கு இறங்கியிருக்கிறது; நீங்கள் சொன்ன 'சுர்' அதுதான். ஹீட்டரைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டரை அங்கே செருகினேன். இரைச்சல் நின்றுவிட்டது. ஒரு நிமிஷ வேலை. ஸ்பீக்கர் சத்தமே இல்லாமல் கிடந்தது. உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன், சார்.

காரியத்துக்கு வந்திருந்த உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் திட்டவில்லை. தன் போனை வெளியே எடுத்தாள்.

"அப்பா இன்னொண்ணு அனுப்பிருக்கார், அங்கிள். உங்ககிட்ட சொல்ல வேணாம்னார்."

ஐந்தாவது கடிதம். உங்கள் குரலுக்குப் பின்னால் இரைச்சல் மெலிதாகக் கேட்டது. திடீரென்று அது உரக்க எழுந்தது, காகிதம் சரசரத்தது, மறுபடி அடங்கியது. பக்கம் புரட்ட, சிபியு மேலிருந்த கையை எடுத்திருக்கிறீர்கள்.

இரைச்சலை நீக்கித் தரட்டுமா என்று கேட்டேன். தொட வேண்டாம் என்றாள்.

மீதிக் கடிதங்கள் அவளிடம் இருக்கின்றன. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியோடு படித்துப் பார்த்தேன், பாதி வரிக்கு மேல் ஓடவில்லை. என் போனில் அந்தப் பதிவின் நகல் இருக்கிறது. கடைசியில் கடிதத்தை மடிக்கிறீர்கள். இரைச்சல் எழுகிறது. அடங்குவதற்காகக் காத்திருக்கிறேன். பதிவு முடிந்துவிடுகிறது.