‘ஃபீ’க்கு நீ எழுதிய பதில்

உனக்கு,

இன்று காலை விடைத்தாள் திருத்தும்போது கை நின்றுவிட்டது. உத்தனப்பள்ளி அரபி வகுப்பில் படிக்கும் ஒரு தையல்காரப் பெண், உன்னைப் பார்த்தே இராதவள், நீ எழுதிய அதே பதிலை எழுதியிருந்தாள்.

அப்போதெல்லாம் வாரத்தில் ஆறு நாள் ஓசூர் தொழிற்சாலையில் நாம் அடுத்தடுத்து நின்று வேலை பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை பெண்களுக்கான அரபி இலக்கண வகுப்பில் ஒரே பெஞ்ச். கடைசித் தேர்வில் அந்த வாக்கியம் வந்தது: ‘அவனை மரத்தில் ஆணியால் அறைந்தார்கள்.’ தமிழில் ‘மரத்தில்’ என்றால் முடிந்தது. அரபியில் ‘ஃபீ’ என்றால் உள்ளே, ‘அலா’ என்றால் மேலே. வாக்கியத்தில் இருந்தது ‘ஃபீ’. அது இங்கே ‘அலா’வுக்குப் பதிலாக வந்திருக்கிறது என்றது பாடப்புத்தகம். இல்லை, தன் பொருளிலேயே நிற்கிறது என்று எழுதினாய் நீ.

பாடம் நடத்திய ஹஜரத் உன்னைக் கூப்பிட்டார். “புத்தகத்துல இருக்கறத எழுதும்மா. மரத்துக்குள்ள யாராச்சும் ஆள வெப்பாங்களா?”

“ஆணி மேலயா நிக்குது ஹஜரத்? உள்ளதான இறங்குது? ஒன்னுக்கு இன்னொன்னு போதும்னா ரெண்டு சொல்லு எதுக்கு?”

அடித்துவிட்டு மாற்றி எழுதினால் சான்றிதழும், உத்தனப்பள்ளி வகுப்பை நடத்தும் பொறுப்பும் உனக்கு. நீ பேனாவை மூடிவிட்டாய். உன் பதில்தான் சரியென்று எனக்கும் பட்டது. ஆனாலும் புத்தகத்தில் இருந்ததை எழுதினேன். வகுப்பு எனக்கு வந்தது. பஸ் ஸ்டாண்டில் நீ கோபப்படக்கூட இல்லை.

“நடத்துடி. ஆனா உனக்கே சரின்னு படாதத அவங்களுக்குச் சொல்லித் தராத.”

அதைத்தான் வருடக்கணக்காகச் சொல்லித் தந்தேன். நீ இறந்த பிறகும்.

இன்று அந்தப் பதிலுக்கு முழு மதிப்பெண் போட்டேன். மேற்பார்வைக்கு வந்த ஹஜரத் தாளைப் பார்த்து முகம் சுளித்தார்.

“தப்புக்கு மார்க்காம்மா?”

“தப்பில்லீங்க ஹஜரத். இத நீங்க குறைச்சா, வகுப்புக்கு வேற ஆளப் பாத்துக்கங்க.”

தாளை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, “அரபி இலக்கணத்துல அந்தக் காலத்துலயே ரெண்டு கட்சி. பஸரா ஊர்க்காரங்க அவ எழுதினாப்லதான் சொன்னாங்க. நம்ம புத்தகம் கூஃபா ஊர்க்காரங்க பக்கம்” என்றார்.

“இது அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அவகிட்ட ஏன் சொல்லல?”

தாளை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனார். மதிப்பெண்ணில் கை வைக்கவில்லை.

அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இனி பேசுவேன். அடுத்த ஞாயிறு கரும்பலகையில் இரண்டு பதில்களையும் எழுதப் போகிறேன். உன் பதிலின் பக்கத்தில் பஸரா என்று எழுதி, அதை ஒட்டி உன் பெயரையும் எழுதுவேன். பிடிக்காதவர்கள் வந்து அவர்கள் கையாலேயே அழிக்கட்டும்.